அப்பாவை எழுப்பக் கூடாது

கண்ணைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு சின்னக் கை. ஐந்து விரலும் விரிந்து, வருகிற பஸ்ஸை நிறுத்துவதுபோல நீட்டியிருந்தது.

கைக்கு எதிரே ஒரு குடும்பம் நின்றிருந்தது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பையன்கள், சோறு கொண்டுவந்த ஒரு தூக்குப்போசி. நால்வரும் கோயில் சன்னிதியில் நிற்பதுபோல வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

கை என் மகள் சிந்துவுடையது. இன்னொரு கையால் என் சட்டையின் நுனியைப் பிடித்திருந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. நாங்கள் இருந்தது கோயமுத்தூர் ஸ்டேடியத்துக்குப் பக்கத்துப் பூங்காவில், பொம்மை ரயில் கிளம்பும் இடத்துக்கு எதிரில் இருக்கும் சிமென்ட் பெஞ்சில்.

நான் விழித்ததைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்கு வாய் திறந்துகொண்டது.

"ஏனுங்க, நல்ல தூக்கமுங்களா? உங்க பாப்பா எங்களைய வாயே தொறக்க உடலீங்க. இந்தப் பக்கம் வந்தாலே அப்பா தூங்கறாங்க, மெல்லப் பேசுங்கன்னு கையக் காட்டுது. நாங்க முதலை பாத்து, மயில் பாத்து, சோறும் தின்னுபோட்டு வந்தாச்சு. இது இன்னும் அப்பிடியே உக்காந்திருக்குது. பச்சப் புள்ளைய உட்டுப்போட்டு இப்பிடியாங்க தூங்கறது?"

எங்கள் பக்கத்தில் திட்டினாலும் மரியாதை குறையாது. அதனால் திட்டு லேசாகிவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். வாங்கிப் பார்த்தால் தெரியும்.

அவர்கள் மதுக்கரையிலிருந்து வந்தவர்கள் என்று பிறகு தெரிந்தது. மணி என்ன என்று கேட்டேன். ஒன்றேகால் என்றார் புருஷன். நாங்கள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தது பத்தரை மணிக்கு.

புதன்கிழமை அப்பா

நான் பாலிடெக்னிக் முடித்து, சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்த கதையை இந்தப் பக்கங்களில் முன்பே சொல்லியிருக்கிறேன். அந்த வேலையோடு சேர்ந்து வந்த தூக்கத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

பகல் ஷிஃப்ட், அரை நைட், முழு நைட் என்று வாரத்துக்கு ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கும். அரை நைட் என்றால் சாயங்காலம் போய் நடுச்சாமத்தில் திரும்புவது. முழு நைட் என்றால் நடுச்சாமத்தில் போய்க் காலை எட்டு மணிக்குத் திரும்புவது. உடம்பு ஒரு ஷிஃப்டுக்குப் பழகி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

முழு நைட் முடித்து வருகிறவனின் தலைமயிரில் பஞ்சு இருக்கும். காதில் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். குளித்தால் பஞ்சு போகும், காதில் ஓடுவது நிற்காது. அதோடுதான் படுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஊர் எழுந்து, பல் விளக்கி, சத்தம் போடத் தயாராக இருக்கும்.

வார விடுமுறையாவது ஞாயிற்றுக்கிழமை கிடைக்குமா என்றால் அதுவும் இல்லை. கரண்ட் போதாமல் ஒவ்வொரு மில்லுக்கும் ஒவ்வொரு நாள் விடுமுறை என்று பிரித்திருந்தார்கள். எங்கள் மில்லுக்குப் புதன். சிந்துவின் பள்ளிக்கூடத்துக்கு ஞாயிறு. அவள் வீட்டில் இருக்கும் நாளில் நான் மில்லில் இருப்பேன், அல்லது தூங்கிக்கொண்டிருப்பேன். நான் வீட்டில் இருக்கும் நாளில் அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள்.

புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பேன். மற்ற குழந்தைகள் தங்கள் அம்மாக்களைப் பார்த்து ஓடி வருவார்கள். சிந்து நடந்து வருவாள். பக்கத்தில் வந்து, "இன்னைக்கு முழிச்சிருக்கீங்களா?" என்பாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்பாள்.

எங்கள் வீட்டுச் சட்டம்

நாங்கள் குடியிருந்தது லைன் வீட்டில். ஒரே வரிசையில் ஆறு வீடு, இடையில் ஒற்றைக்கல் சுவர். இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள்.

என் மனைவி தனம் என் தூக்கத்தை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டாள். முழு நைட் வாரத்தில் குக்கர் விசில் எல்லாம் எட்டு மணிக்குள் அடித்து முடிந்துவிட வேண்டும். அதற்குமேல் மிக்ஸி கிடையாது. பால்காரர் மணி அடிக்காமல் ஜன்னலில் வைத்த பாத்திரத்தில் ஊற்றிவிட்டுப் போவார். பாத்திரம் கழுவும்போது ஒன்றோடொன்று இடிக்காமலிருக்கக் கீழே சாக்கு விரித்திருப்பாள்.

பக்கத்து வீட்டு ரஹ்மத் அக்காவும் இதில் சேர்த்தி. அவர் வீட்டுக்காரருக்கு உக்கடத்தில் இரும்புக் கடை. கோயமுத்தூரில் கிரைண்டர் இல்லாத வீடு ஏது? அக்கா வீட்டுக் கிரைண்டர் என் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. நான் சாயங்காலம் எழுந்து முகம் கழுவும் சத்தம் கேட்ட பிறகுதான் மாவாட்டுவார். "தம்பி எந்திரிச்சாத்தான் எங்களுக்கு நாளைக்கு இட்லி" என்பார்.

சிந்து பிறந்து வளர்ந்தது இந்தச் சட்டத்துக்குள். அழுதால் தூக்கிக்கொண்டு தனம் தெருக்கோடிக்குப் போய்விடுவாள். நடக்கத் தொடங்கியபோது கொலுசு வாங்கித் தந்தார்கள், தனம் முத்துக்களை எடுத்துவிட்டுத்தான் அவளுக்குப் போட்டாள். மற்ற பிள்ளைகள் முதலில் "அம்மா", "அத்தை" என்று பேசப் பழகியிருப்பார்கள். இவள் வாயில் விரல் வைத்து "உஸ்" என்று சொல்லப் பழகினாள். அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். வந்தவர்களுக்கெல்லாம் செய்து காட்டச் சொன்னோம். அதை நினைத்தால் இப்போது சங்கடமாக இருக்கிறது.

ஒருநாள் ரஹ்மத் அக்கா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாராம். இவள் சத்தமில்லாமல் உள்ளே போய், முக்காலி போட்டு ஏறி, ரேடியோவை நிறுத்திவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்துவிட்டாளாம். "உன்ற மவ போலீஸ் வேலைக்குத்தான் போவா" என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எங்களுக்குப் பெருமையாக இருந்தது. எவ்வளவு அடக்கமான குழந்தை என்று எல்லோரும் சொன்னார்கள்.

இன்னொரு பெருமையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிந்துவின் வகுப்பில் திங்கட்கிழமைதோறும் குழந்தைகளை எழுப்பி, ஞாயிறன்று என்ன செய்தாய் என்று இங்கிலீஷில் கேட்பார்கள். சிந்து எழுந்து, "மை ஃபாதர் ஈஸ் ஸ்லீப்பிங்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வாளாம். எல்லாத் திங்களும் அதே. டீச்சர் கவலையோடு தனத்தைக் கூப்பிட்டுச் சொன்னார். தனம் வந்து என்னிடம் சொன்னபோது என் மனதில் முதலில் என்ன ஓடியது தெரியுமா? வாக்கியம் சரியாக இருக்கிறதே என்றுதான். என் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துக்குள் போனதில்லை. ஐந்து வயதில் என் பெண் பிழையில்லாமல் ஒரு இங்கிலீஷ் வாக்கியம் சொல்கிறாள்.

என்ன சொல்கிறாள் என்பது மனதில் இறங்க இரண்டு நாள் ஆயிற்று.

வள்ளி

இங்கே என் தங்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் எங்கள் அப்பா தேங்காய் உரிக்கும் வேலை பார்த்தார். அவர் தூங்குவதற்கு எந்த அமைதியும் தேவைப்பட்டதில்லை. மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுப்பார். நாங்கள் அவர் காலைத் தாண்டித் தாண்டி விளையாடுவோம். லாரி வந்து நிற்கும், ஆட்கள் கத்துவார்கள், அவர் குறட்டை விடுவார்.

ஆனால் நான் பத்தாம் வகுப்புக்குப் போனதும் அந்த வீட்டுக்கு அமைதி தேவைப்பட்டது. பையன் படிக்கிறான் என்று அம்மா ஊரையே அடக்கினாள். என்னைவிட நாலு வயது சின்னவளான வள்ளியை வாசலில் உட்கார வைத்தாள். தெருப்பிள்ளைகள் பக்கம் வந்தால் விரட்டுவது அவள் வேலை. வள்ளி அதற்குமுன் சதா பாடிக்கொண்டிருப்பவள். நான் பரீட்சை எழுதி முடித்த பிறகும் அவள் பாடவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றும்விட்டாள். அவள் படிப்பதற்காக அந்த வாசலில் யாரும் உட்காரவில்லை.

எனக்காகப் பேசாமல் இருக்க எப்போதும் ஒரு பெண்பிள்ளை வாய்த்திருக்கிறது. முதலில் படிப்புக்கு, பிறகு தூக்கத்துக்கு. பூங்காவில் அந்தக் கையைப் பார்க்கும்வரை இதை நான் இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை.

அந்த ஞாயிறு

டீச்சர் சொன்னது உறைத்ததும் சிந்துவிடம் வாக்குக் கொடுத்தேன். வரும் ஞாயிறு பூங்கா, பொம்மை ரயில். அந்த ஞாயிறு மில்லில் ஆள் குறைவென்று இரட்டை ஷிஃப்ட் பார்க்க வேண்டியதாயிற்று. அடுத்த ஞாயிறு காய்ச்சல். அதற்கடுத்தது என்ன காரணமோ மறந்துவிட்டது, ஏதோ ஒன்று. ஒவ்வொரு முறையும் அவள் அழவில்லை. "சரிங்கப்பா" என்றாள். அழுதிருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசியில் ஒரு ஞாயிறு காரமடையில் தனத்தின் அக்கா மகளுக்குச் சீர் வந்தது. பெண் பெரியவளானதற்குச் செய்யும் விசேஷம், சித்திக்காரி போகாமல் இருக்க முடியாது. சிந்து போக மாட்டேன் என்றாள். அதுவே புதுசு. எதற்கும் மாட்டேன் என்று சொல்லாத பெண், அப்பாவோடு பூங்காவுக்குத்தான் போவேன் என்று நின்றாள்.

அது எனக்கு முழு நைட் வாரம். தனம் வேண்டாம் என்றாள். ராத்திரி பூரா முழித்துவிட்டு வந்து எப்படிக் குழந்தையைப் பார்த்துக்கொள்வீர்கள் என்றாள். ஒருநாள் தூங்காவிட்டால் செத்தா போய்விடுவேன் என்று வீரமாகச் சொன்னேன். அவள் பட்டுப்புடவையோடு வாசலில் நின்று மூன்று தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனாள்.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் சிந்துவை உட்கார வைத்து, நான் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று தெரியும். பூங்காவிலும் முதலில் நன்றாகத்தான் இருந்தேன். மான் பார்த்தோம். குரங்குக் கூண்டுக்குப் போனோம். அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். குரங்குக்கு வார லீவு உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். பாவம் என்றாள்.

ரயிலுக்குப் போனபோது, இன்னும் கொஞ்சம் கூட்டம் சேர்ந்தால்தான் எடுப்போம் என்றார்கள். எதிரில் ஒரு மரத்தடியில் பெஞ்சு காலியாக இருந்தது. அது தூங்குமூஞ்சி மரம். நான் என்ன செய்ய?

"கண்ணு, அப்பா ரெண்டே நிமிஷம் கண்ண மூடிக்கறேன். ரயிலு வந்ததீம் சொல்லு, என்ன?"

"சரிங்கப்பா" என்றாள்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ரயில் வந்தது

மதுக்கரை அம்மாள் திட்டி முடித்த பிறகு சிந்துவைக் கேட்டேன், ரயில் வரவில்லையா என்று. வந்தது என்றாள். எத்தனை தடவை என்று கேட்டேன். விரல்களை மடக்கிப் பார்த்து, ஐந்து என்றாள். ஐந்து தடவையும் அது அவளுக்கு முன்னால் வந்து நின்று, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஊதிக்கொண்டு போயிருக்கிறது.

"அப்பறம் ஏஞ்சாமி என்னைய எழுப்பல?"

அவள் என்னைப் பார்த்தாள். இது என்ன கேள்வி என்பதுபோல இருந்தது.

"நீங்க தூங்கறீங்களே?"

எழுந்து நிற்கச் சொன்னேன். எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்துத் தூக்கியபோதுதான் பார்த்தேன். கவுனின் பின்பக்கம் ஈரமாகிக் காய்ந்திருந்தது. ஜட்டியும் சாக்ஸும் இன்னும் நனைந்திருந்தன. புது கவுன், ஊதாப் பூப் போட்டது, பூங்காவுக்காக எடுத்து வைத்திருந்தது.

"ஒண்ணுக்கு வந்துச்சுங்கப்பா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அந்த அம்மாள் அதற்குப் பிறகு திட்டவில்லை. தன் பையனின் டிராயர் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, குழாய் அந்தப் பக்கம் இருக்கிறது என்று கை காட்டினார். குழாயடியில் அவளைக் கழுவிவிட்டேன். கவுனை அலசிப் பிழிந்து, என் துண்டைச் சுற்றிவிட்டு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கவுன் காயும்வரை வெயிலில் நடந்தேன். யாராவது அவளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால்கூட, அப்பாவை எழுப்பக் கூடாது என்று கத்தாமலே போயிருப்பாள் என்று தோன்றியது. அங்கேயே ஒரு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு ரயிலை நிறுத்தியிருந்தார்கள். மூன்று மணிக்குத்தான் மறுபடி. ஊட்டுக்குப் போலாங்க, நீங்க தூங்குங்க என்றாள் சிந்து. நான் கேட்கவில்லை. மூன்று மணிவரை இருந்து முதல் வண்டியில் ஏறினோம்.

ரயில் மரங்களுக்கு நடுவில் போயிற்று. மற்ற பிள்ளைகள் கூவினார்கள். மயில் ஒன்று தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. அதைப் பார் என்று காட்டினேன். அவள் மயிலைப் பார்க்கவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள், எப்போது மூடும் என்று.

ஐஸ் கறை

சாயங்காலம் தனம் காரமடையிலிருந்து பலகாரப் பையோடு வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டது, ரயிலில் போனீர்களா என்றுதான். போனோம் என்றாள் சிந்து. மான் பார்த்தோம், குரங்கு பார்த்தோம், ஒரு அத்தை டிராயர் கொடுத்தாங்க என்று வரிசையாகச் சொன்னாள். டிராயரா, எதற்கு என்றாள் தனம்.

நான் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பதற்குள் சிந்து சொன்னாள்:

"கவுன்ல ஐஸ் ஊத்திக்கிச்சும்மா."

கண் சிமிட்டவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அன்று நாங்கள் ஐஸே வாங்கவில்லை.

நான் பேசாமல் இருந்துவிட்டேன். மூன்று நாள் பேசாமல் இருந்தேன். ஐந்து வயதுப் பெண் எனக்காகப் பொய் சொல்லி, நான் அந்தப் பொய்க்குள் வசதியாகப் படுத்துக்கொண்டேன். மில்லில் நூல் அறுந்த இடத்தை ஆட்களுக்குக் காட்டிக்கொண்டே நடக்கும்போது அந்த ஐஸ் ஞாபகம்தான்.

புதன்கிழமை சிந்து பள்ளிக்கூடம் போன பிறகு தனத்திடம் சொன்னேன். அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். முழுவதையும் சொன்னேன். பெஞ்சு, ஐந்து ரயில், கவுன், ஐஸ் எல்லாம். காது கூசும்படி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கிள்ளிய காயைத் திரும்பக் கிள்ளாத குவியலில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவளுக்குத் தெரியவில்லை.

"சொல்லிக் குடுத்தது நாந்தானுங்க" என்றாள். "ஒரு தடவ அவ உங்களைய எழுப்பிப்போட்டான்னு கையில சூடு வெப்பேன்னு மெரட்டியிருக்கறன். மூணு வயசு அப்ப."

அது எனக்குத் தெரியாது. நான் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

எழுப்புவதற்குப் பழக்கியது

அடுத்த வாரம் மேனேஜரிடம் போய், நிரந்தரமாகப் பகல் ஷிஃப்ட் கிடைக்குமா என்று கேட்டேன். காரணம் கேட்டார். குழந்தை என்றேன். குழந்தை யாருக்குத்தான் இல்லை என்றார். நியாயம்தான்.

வேறு வழியில்லை, சட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். சிந்துவை மடியில் உட்கார வைத்து நானும் தனமும் சேர்ந்தே சொன்னோம். இனிமேல் அப்பா தூங்கினாலும் எழுப்பலாம். பசித்தால் எழுப்பலாம், பயமாக இருந்தால் எழுப்பலாம், எதற்கு வேண்டுமானாலும் எழுப்பலாம். அம்மா திட்ட மாட்டாள். "சரிங்கப்பா" என்றாள்.

எழுப்பவில்லை.

முழு நைட் வாரம் வந்தால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தூங்காமல் கிடப்பேன், வருகிறாளா என்று. அவள் கதவுவரை வருவாள். காலடி கேட்கவே கேட்காது. பாத்திர மூடியின் பளபளப்பில் அவள் நிழல் அசைவதை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். நின்று பார்ப்பாள். போய்விடுவாள். தனம் வேண்டுமென்றே பகலில் மிக்ஸி போட்டாள். சிந்து ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள்.

ரஹ்மத் அக்காவிடம் தனம் இதைச் சொல்லி அழுதிருக்கிறாள். அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே என்னிடம் சொன்னார்: "பூனையா வளத்திப்போட்டு இப்பக் கொரைன்னா எப்பிடி தம்பி? கொஞ்ச நாளாகும்." மறுநாளிலிருந்து அவர் காலை பத்து மணிக்கே கிரைண்டரைப் போட்டார். என் தலைமாட்டில் கல் சுற்றியது. அதையும் சேர்த்துத் தூங்கக் கற்றுக்கொண்டேன், அல்லது தூங்காமல் இருக்க. தூக்கம் குறைந்து மில்லில் நின்றபடியே தலை சாய்ந்து, ஒருநாள் மெஷின் கவரில் நெற்றி இடித்துக்கொண்டதும் உண்டு. அப்போதெல்லாம் பழைய சட்டமே நல்லது என்று நினைத்திருக்கிறேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பள்ளிக்கூடம் முடிந்து கோடை விடுமுறை விட்டார்கள். வெயிலில் கூரை ஓடு உருகிக்கொண்டிருந்தது. முழு நைட் வாரம்தான். எட்டு மணிக்கு வந்து, குளித்து, கஞ்சி குடித்துவிட்டு ஒன்பது மணிக்குமேல் படுத்தேன். உண்மையாகவே தூங்கிவிட்டேன்.

தோளில் யாரோ தட்டினார்கள். இரண்டு விரல்.

"அப்பா. எந்திரிங்க."

தூக்கிவாரிப்போட்டு எழுந்தேன். நெருப்பா, ரத்தமா, பாம்பா என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிற்று. சிந்து நின்றிருந்தாள். ஒரு கால் என் பாயில், இன்னொரு கால் கதவுக்கு வெளியே.

"என்னாச்சு? அம்மா எங்க?"

"அம்மா ரேசன் கடைக்குப் போயிருக்குதுங்க."

"கீழ உழுந்துட்டியா?"

"இல்லீங்க."

"பசிக்குதா?"

"இல்லீங்க."

"அப்பறம் எதுக்குக் கண்ணு எழுப்புனே?"

யோசித்தாள். காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

"சும்மாதானுங்க" என்றாள்.

மணி பதினொன்றுகூட ஆகவில்லை. ராத்திரி மறுபடி போக வேண்டும். கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டதுபோல எரிந்தது. எனக்கு வந்தது கோபம்தான். இரண்டு மாதமாக இதற்காகக் காத்திருந்தவனுக்கு, அது வந்தபோது சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே இருந்த கால் ஓடத் தயாராக இருந்தது.

பாயில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டேன். "சரி, வா" என்றேன்.

வெளியே இருந்த காலையும் உள்ளே எடுத்து வைத்தாள். வந்து உட்கார்ந்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். நாலாவது வீட்டு நாய் குட்டி போட்டது, அதில் ஒன்று முழுக் கறுப்பு, அதற்கு இன்னும் கண் திறக்கவில்லை, திறந்ததும் அது முதலில் தன்னைத்தான் பார்க்க வேண்டும் என்று என்னென்னவோ சொன்னாள். பாதி என் காதில் விழவில்லை. ஆனால் அவள் சத்தமாகத்தான் பேசினாள்.